கட்டாமல் விட்ட இடம்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கட்டடக் கலைஞரின் வாழ்க்கைப் பணி. அவர் பெயர் சார்லஸ் கொரியா. 1930இல் செகந்திராபாத்தில் பிறந்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் எம்.ஐ.டி.யிலும் படித்தார். 1958இல் பம்பாயில் சொந்த அலுவலகம் தொடங்கினார். 2015 ஜூன் மாதம் அதே நகரத்தில் மறைந்தார். சென்னையில் எம்.ஆர்.எஃப். தலைமை அலுவலகத்தைக் கண்டவர்கள் அவருடைய கைவேலையைக் கண்டிருக்கிறார்கள். பிரிட்டனின் தங்கப் பதக்கம், இந்திய அரசின் பத்ம விபூஷண் என்று பட்டியல் நீளும். பட்டங்களைச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்கும் நமக்கு இந்த மனிதரால் என்ன பயன்? அந்தக் கேள்விக்குத்தான் விடை தேட வந்திருக்கிறேன்.

கொரியா மூன்று வேலைகள் செய்தார். நகரங்களை வடிவமைத்தார். கட்டுரைகளும் நூல்களும் எழுதினார். அருங்காட்சியகங்களை அமைத்தார், கண்காட்சியும் நடத்தினார். பொதுவாக இந்த மூன்றையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் பேசுவார்கள். மூன்றும் ஒரே வேலை என்பது என் வாதம். ஓர் ஊரில் எதைக் கட்டுவது என்பதைப் போலவே எதைக் கட்டாமல் விடுவது என்பதும் ஊரார் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டிய காரியம். அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பது கட்டடக் கலைஞரின் கடமை. வரைபடத்தாலும் தொடங்கலாம், எழுத்தாலும் தொடங்கலாம், அருங்காட்சியகத்தாலும் தொடங்கலாம். அவர் மூன்றாலும் தொடங்கினார். பேச்சு நடந்த இடத்தில் அவர் வேலை நிலைத்தது; பேச்சு நடக்காத இடத்தில் அவருடைய அழகான வரைபடம்கூட நிலைக்கவில்லை. இதற்குச் சான்றுகளைப் பார்ப்போம்.

அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குகிறேன், அவர் பெயரை ஊரறியச் செய்த முதல் வேலை அதுதான். சபர்மதி ஆசிரமத்தில் காந்தியின் கடிதங்களையும் புகைப்படங்களையும் நூல்களையும் வைத்துக் காப்பாற்ற ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு இருபத்தெட்டு வயது இளைஞரிடம் வந்தது. காந்திக்கு நினைவகம் என்றால் நம்மவர்கள் என்ன கேட்டிருப்பார்கள்? உயர்ந்த தூண், பெரிய கோபுரம், பளிங்குத் தரை, வாசலில் ஒரு பிரம்மாண்டச் சிலை. கொரியா ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் என்று சின்னச் சின்னச் சதுரங்களை வரைந்தார். செங்கல், கல் தளம், ஓட்டுக் கூரை, மரக் கதவு: குஜராத் கிராமத்து வீட்டில் கிடைக்கும் பொருள்கள்தாம். ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. மரப் பட்டிகளைத் திருப்பி வைத்து வெளிச்சத்தையும் காற்றையும் அளந்து விட்டார். சில சதுரங்களுக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டு. கடிதங்கள் அங்கே இருக்கின்றன. சிலவற்றுக்குக் கூரை மட்டும் உண்டு. சிலவற்றுக்கு அதுவும் கிடையாது, வானம்தான் கூரை. நடுவில் ஒரு நீர் முற்றம். 1963 மே மாதம் நேரு அதைத் திறந்து வைத்தார்.

இந்தக் கட்டடத்தில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அது முடிக்கப்படாத கட்டடம். நாளைக்கு இன்னும் ஆயிரம் கடிதம் கிடைத்தால் இன்னும் நான்கு சதுரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டடத்தின் அழகு கெடாது. இரண்டாவது, பார்க்க வந்தவருக்கு அங்கே உட்கார இடம் இருக்கிறது. ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே வந்தால் நிழல். நிழலைத் தாண்டினால் நீர். அதைத் தாண்டினால் மறுபடி ஒரு கூடம். படித்ததை நினைத்துப் பார்க்க அவகாசம் தரும் இடம் அது. காட்சிப் பொருளுக்குக் கூடமும் சிந்தனைக்கு முற்றமும் வேண்டும் என்று அந்த இளைஞர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். கட்டிய பகுதிக்கு உயிர் கொடுப்பது கட்டாமல் விட்ட பகுதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அந்தக் கையை இப்போது ஒரு பெருநகரத்தின் மீது வைத்துப் பாருங்கள். பம்பாய் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம். அலுவலகங்கள் எல்லாம் தெற்கு முனையில். வீடுகள் எல்லாம் வடக்கே. காலையில் ஊர் முழுவதும் ரயிலில் தொங்கிக்கொண்டு தெற்கே போகும். மாலையில் அதே ஊர் தொங்கிக்கொண்டு வடக்கே திரும்பும். 1960களின் நடுவில் அந்த நகரத்துக்கு வளர்ச்சித் திட்டம் வரைந்தபோது, நெருக்கடி கூடிக்கொண்டே போகும் என்பதைத்தான் அது மறைமுகமாக ஒப்புக்கொண்டது. அப்போது கொரியா, கட்டடக் கலைஞர் பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரிஷ் பட்டேல் ஆகிய மூவரும் ஒரு மாற்றைச் சொன்னார்கள்: துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் புதிய நகரம் அமையுங்கள், அலுவலகங்களை அங்கே கொண்டுபோங்கள், போக்குவரத்தும் வளர்ச்சியும் தெற்கு வடக்கை விட்டுக் கிழக்கு மேற்காகத் திரும்பட்டும். இவர்களை யாராவது கேட்டார்களா? இல்லை. கட்டணம் கொடுத்தார்களா? அதுவும் இல்லை. அவர்களாகவே வரைந்தார்கள், அவர்களாகவே எழுதினார்கள். முல்க் ராஜ் ஆனந்த் நடத்திய 'மார்க்' கலையிதழ் 1965இல் அதை அச்சிட்டது. அதன் மீது பேச்சு எழுந்தது, விவாதம் நடந்தது. ஐந்தாண்டு கழித்து 1970இல் மகாராஷ்டிர அரசு 'சிட்கோ' என்ற நிறுவனத்தை அமைத்தது. நம் ஊரில் தொழிற்பேட்டை நடத்தும் சிட்கோ வேறு. இது புதிய நகரம் கட்டப் பிறந்த அமைப்பு. அதன் தலைமைக் கட்டடக் கலைஞர் கொரியா. 344 சதுர கிலோமீட்டர் பரப்பு. 20 லட்சம் மக்கள் வாழ இடம். அதைத்தான் இன்று நவி மும்பை என்கிறோம். ஓர் இதழில் வந்த எழுத்து நகரமாக எழுந்த கதை இது.

எழுத்து எதற்கு என்று கேட்கும் கட்டடக் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்கிறார், நாம் வரைகிறோம், அவர் கட்டுகிறார், அத்தோடு நம் வேலை தீர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் தெருவுக்கு வாடிக்கையாளர் யார்? ஏரிக்கரைக்கு யார்? பேருந்து நிலையத்தில் தூங்குகிறவருக்குக் கட்டணம் கொடுத்து வரைபடம் கேட்கும் சக்தி உண்டா? கேட்க ஆளில்லாத இடங்களுக்காகக் கேட்பதற்குத்தான் எழுத்து. 1968இல் கொரியா பம்பாய் நடைபாதைகளைப் பற்றி ஒரு யோசனை சொன்னார். பகலில் அங்கே கடை போடுகிறார்கள். இரவில் அங்கே மனிதர்கள் தூங்குகிறார்கள். நடைபாதை ஓரமாக இரண்டு மீட்டர் அகலத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு மேடை கட்டி, இடைவெளி விட்டுத் தண்ணீர்க் குழாய் வையுங்கள். பகலில் வியாபாரி மேடை மீது கடை போடட்டும். நடப்பவருக்குப் பாதை மிஞ்சும். மாலையில் மாநகராட்சி ஆட்கள் கழுவி விடட்டும். இரவில் தூங்குகிறவர் சேற்றிலும் சாக்கடையிலும் படுக்காமல் உயரத்தில் படுக்கட்டும். இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நம் தெருக்களின் திண்ணைதானே! கூரையே இல்லாதவனுக்கும் ஒரு திண்ணை கொடுங்கள் என்றார் அவர். இதில் கோபுரமும் இல்லை, கட்டடமும் இல்லை. ஒரு மேடையும் ஒரு குழாயும்தான். வாழ்க்கை முழுவதும் பெரிய கட்டடங்கள் கட்டிய ஒருவரின் மிகச் சிறந்த வேலைகளில் இதையும் நான் சேர்ப்பேன்.

1985இல் அவர் 'தி நியூ லேண்ட்ஸ்கேப்' என்ற நூலை வெளியிட்டார். ஏழை நாடுகளின் நகரங்களுக்குள் கோடிக்கணக்கான மக்கள் வருவதைக் கண்டு அஞ்சவேண்டாம், அந்த வருகையைத் தாங்கும்படி நகரத்தைத் திருத்தி அமையுங்கள் என்பது அதன் சாரம். அதே காலத்தில் ராஜீவ் காந்தி அரசு அமைத்த தேசிய நகரமயமாக்கல் ஆணையத்துக்கு அவர் தலைவரானார். 1988இல் வந்த அந்த அறிக்கை நம் காதில் விழவேண்டிய ஒன்றைச் சொன்னது: நான்கு பெருநகரங்களை மட்டும் ஊட்டி வளர்க்காதீர்கள்; வளரும் துடிப்புள்ள 300க்கும் மேற்பட்ட நடுத்தர ஊர்களில் பணத்தைப் போடுங்கள் என்றது. பம்பாயின் நெருக்கடியைத் தீர்க்கப் புறப்பட்ட மனிதர், இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, தீர்வு பம்பாய்க்கு வெளியே நம்மைப் போன்ற ஊர்களில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997இல். நாமக்கல் நகரம் மாநகராட்சியாக உயர்ந்தது 2024இல். இந்த அளவுள்ள ஊர்களில் இன்னும் காலம் இருக்கிறது. பெருநகரத்தில் அந்தக் காலம் கடந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "நவி மும்பையை வெற்றி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசின் தலைமை அலுவலகங்கள் புதிய நகரத்துக்குப் போனால்தான் மற்றவர்களும் போவார்கள் என்று திட்டம் நம்பியது. அரசு போகவில்லை. பழைய பம்பாயின் தெற்கு முனையில், கடலைத் தூர்த்த நரிமன் முனையிலேயே கட்டடங்கள் எழுந்தன. 1981இல் புதிய சட்டமன்றக் கட்டடமும் அங்கேயே திறக்கப்பட்டது. பழைய நகரத்தோடு இணைக்கும் ரயில் நவி மும்பையின் வாஷிக்கு வந்தது 1992இல். நகரம் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டு கழித்து! தண்டவாளம் முதலில், வீடு பிறகு என்று வரைந்தவர்கள் கண் முன்னால் வீடு முதலிலும் தண்டவாளம் பிறகும் வந்தன. ஆகவே, நவி மும்பை கொரியா எழுதிய நகரத்தின் பாதிதான். ஒப்புக்கொள்கிறேன்.

இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. அந்த 344 சதுர கிலோமீட்டர் காலியாகக் கிடந்த நிலமா? அங்கே 95 கிராமங்கள் இருந்தன. நெல் வயல் இருந்தது, உப்பளம் இருந்தது, மீன்பிடித் துறை இருந்தது. நிலத்தை அரசு குறைந்த விலைக்கு எடுத்து, சாலையும் தண்ணீரும் கொடுத்து விலை ஏறியபின் விற்று, அந்தப் பணத்திலேயே நகரத்தைக் கட்டுவது என்பது திட்டத்தின் பொருளாதாரம். வரைபடத்தில் அது புத்திசாலித்தனம். நிலம் கொடுத்தவர் வீட்டில் அது வேறு சங்கதி. 1984 ஜனவரியில் நியாயமான இழப்பீடு கேட்டுப் போராடிய விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். எட்டு வழிச் சாலைக்காக 2018இல் இந்தச் சேலத்து வயல்களில் அளவுக்கல் நட்டபோது விவசாயிகள் எதிர்த்து நின்றதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொரியாவின் குறை எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? பேச்சு நடந்தது உண்மை. ஆனால் அது ஆங்கில இதழின் பக்கங்களில், பம்பாயில் படித்தவர்களின் கூடங்களில் நடந்தது. நிலம் கொடுத்த பன்வெல், உரண் பக்கத்து விவசாயி அந்தக் கூடத்தில் இல்லை. ஊரார் கூடிப் பேசுவது என்றால் எந்த ஊரார் என்ற கேள்வியை அவர் பாதி தூரம்தான் கேட்டார். அவரைப் பாராட்ட வந்த நான் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மீதிப் பாதியை அவர் கேட்ட இடமும் உண்டு. அதே நவி மும்பையில் பேலாப்பூர் என்ற பகுதியில் 1980களின் நடுவில் எளிய குடும்பங்களுக்காக வீடுகள் வரைந்தார். ஏழு வீடுகள் சேர்ந்து எட்டு மீட்டர் சதுரத்தில் ஒரு முற்றத்தைச் சூழ்ந்திருக்கும். அப்படி மூன்று கூட்டம் சேர்ந்தால் இன்னும் பெரிய ஒரு முற்றம். அவை சேர்ந்தால் அதைவிடப் பெரிய வெளி. அது பள்ளிக்கும் சந்தைக்கும் போகும். மனையின் அளவு 45 சதுர மீட்டரிலிருந்து 75 சதுர மீட்டருக்குள். வருமானம் கூடியவருக்கும் குறைந்தவருக்கும் மனையில் பெரிய வித்தியாசம் வைக்கவில்லை. ஒரு வீட்டின் சுவர் இன்னொரு வீட்டின் சுவரோடு ஒட்டாது. ஆகவே யாரையும் கேட்காமல் அவரவர் வசதிக்கு ஏற்ப மாடி எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் அவர் வரைந்த ஓட்டு வீடுகளில் பல காணாமல் போய்விட்டன. சொந்தக்காரர்கள் இடித்துக் கான்கிரீட் மாடி எழுப்பிவிட்டார்கள். படம் எடுக்கப் போகும் கலை ரசிகர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அதில் துக்கம் இல்லை. வீடு மாறத்தான் செய்யும்; மாறட்டும் என்றுதான் அவர் சுவரைப் பிரித்து வைத்தார். வீடுகள் மாறியும் நடுவிலிருக்கும் முற்றம் பொது இடமாகவே இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பேச்சு நடக்காமல் போனால் என்ன ஆகும்? பம்பாயின் பஞ்சாலைகள் மூடப்பட்டபின் நகரத்தின் நடுவிலே ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் கிடந்தது. 1991 விதிப்படி மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு எளியோர் வீட்டுக்கு, ஒரு பங்கு ஆலை முதலாளிக்கு. துண்டு துண்டாகப் பிரிக்காமல் எல்லா ஆலை நிலத்தையும் சேர்த்து வரைந்தால் பெரிய பூங்காக்களும் தெருக்களும் கிடைக்கும் என்று 1996இல் கொரியா தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. அறிக்கை கோப்பில் தங்கிவிட்டது. 2001இல் விதி மாறியது: ஆலைக்குள் ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இன்றைக்கு அங்கே வணிக வளாகங்களும் வானளாவிய குடியிருப்புகளும் நிற்கின்றன. அதே மனிதர், அதே திறமை, அதே நகரம். 1965இல் எழுத்து வெளியே வந்து பேசப்பட்டது. 1996இல் அறிக்கை உள்ளே போய் உறங்கியது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனி மறுபடி அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். தில்லியில் பிரகதி மைதானத்தை ஒட்டித் தேசிய கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு வெளித்தோற்றம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றும் கிடையாது, தாழ்ந்த கட்டடம். உள்ளே ஒரு தெரு போல வழி போகும். வழியில் கிராம முற்றம், கோயில் முற்றம், அரண்மனை முற்றம். மண் குதிரைகளையும் மரத் தேர்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். கைவினைஞர்களும் அங்கே வந்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். போபாலில் 1982இல் திறந்த பாரத் பவன் ஏரிக்கரைச் சரிவில் படிப்படியாக இறங்குகிறது. கட்டடத்தின் மேல்தளமே ஊராருக்கு உலாவும் இடம். ஜெய்ப்பூரின் ஜவகர் கலா கேந்திரத்தில், 1727இல் அந்த நகரம் பிறந்தபோது வரைந்த ஒன்பது சதுரத் திட்டத்தையே எடுத்துக்கொண்டு கட்டடமாக்கினார். நடுச் சதுரத்தைத் திறந்தவெளியாக விட்டார். நகரத்தின் இலக்கணத்தால் அருங்காட்சியகம் கட்டினார் என்று இதைச் சொல்லலாம். 1986இல் 'விஸ்தாரா' என்ற கண்காட்சியையும் முன்னின்று அமைத்தார். இந்தியக் கட்டடக் கலையின் வரலாற்றைப் பழைய மண்டல வரைபடங்களிலிருந்து நம் காலம் வரை சாதாரண மக்களுக்கு எடுத்துக் காட்டிய முயற்சி அது.

கணக்கு நேராக இருக்க வேண்டும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அருங்காட்சியகங்களுக்குக் காப்பாட்சியர்கள் வேறு. கைவினை அருங்காட்சியகத்தை வளர்த்தவர் ஜோதீந்திர ஜெயின். பாரத் பவனில் பழங்குடிக் கலைஞர்களின் ஓவியத்தையும் நவீன ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த துணிச்சல் ஓவியர் ஜெ. சுவாமிநாதனுடையது. அந்தப் புகழைக் கொரியாவின் கணக்கில் எழுதக்கூடாது. ஆனால் குயவர் வந்து சக்கரம் சுற்ற முற்றம் வேண்டும் அல்லவா? கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் இடம் வைத்துக் கட்டியிருந்தால் காப்பாட்சியர் எவ்வளவு துணிந்தாலும் கைவினைஞரை எங்கே உட்கார வைப்பார்?

நண்பர்களே, இப்போது நம் ஊருக்கு வருவோம். பாவடி என்றால் இந்த அவைக்கு விளக்கம் தேவையில்லை. நெசவுத் தெருக்களை ஒட்டி நம் முன்னோர் கட்டாமல் விட்ட நீண்ட வெளி. விடிகாலையில் அங்கே தறிக்குப் போகும் நூலான பாவை நீட்டுவார்கள், கஞ்சி தோய்ப்பார்கள், வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். அதன்பின் அது பிள்ளைகளின் மைதானம். மாலையில் ஊர்க் கூட்டம். பண்டிகையில் கூத்துக்கும் அன்னதானத்துக்கும் அரங்கம். நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு வேலை என்று ஒரே இடத்தை வகுத்துக்கொண்டார்கள். பம்பாய் நடைபாதைக்குக் கொரியா வரைந்து காட்டியதை நம் ஊர் நெசவாளர்கள் வரைபடம் இல்லாமலே செய்து வைத்திருந்தார்கள். இன்று ஆலையிலேயே பாவு தயாராகி வருகிறது. வெளிக்கு வேலை போய்விட்டது. வேலை போன இடத்தின் மீது எல்லோருக்கும் கண். சில இடங்களில் பள்ளி வந்தது, நல்லது. சில இடங்களில் கடைகள் வந்தன. மிஞ்சியவற்றை என்ன செய்யப் போகிறோம்?

பாவடியைப் புகழ்ந்து பழமைக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு சமூகத்தாரின் வெளி. ஊரில் எல்லோரும் சரிசமமாக அங்கே கால் வைத்தார்கள் என்று சொன்னால் அது பொய். பேலாப்பூர் முற்றத்தில் வெவ்வேறு வருமானக்காரர்களை ஒரே வாசலுக்குக் கொண்டுவந்த கொரியாவிடமிருந்து நாம் கற்க வேண்டியது அதுதான். முன்னோர் விட்டுப்போன வெளியைக் காப்பாற்றுவோம்; அதன் கதவை இன்னும் அகலமாகத் திறப்போம்.

அருங்காட்சியகமாக வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. என்ன இல்லை? 1935இல் டி. ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' அங்கேதான் உருவானது. முழுநீள வண்ணப் படமாகத் தமிழுக்கு முதலில் கிடைத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அங்கேதான் உருவானது. இன்றைக்கு வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே இருந்த நிலம் வீட்டு மனையாகிவிட்டது. அந்த நிலத்தை மனை போடும் முன் ஒரு கூடமும் ஒரு முற்றமும் விடச் சொல்லி ஊர் கேட்டதா? கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் கை இருக்கிறது; ஜவ்வரிசிக் களம் இருக்கிறது; நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் தச்சரும் இரும்புக் கொல்லரும் இருக்கிறார்கள்; திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி கட்டிக்கொண்டு வட இந்தியா வரை ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கைவினை அருங்காட்சியகத்து முற்றத்தில் குயவருக்கு இடம் உண்டென்றால் நம் முற்றத்தில் பாடி கட்டுகிறவருக்கு ஏன் இடம் இருக்கக்கூடாது? நாமக்கல் மலையடியில் அதியர் குல மன்னர்கள் குடைந்த குகைக் கோயில்களும் கமலாலயக் குளமும் ஒரு நடை தூரத்தில் இருக்கின்றன. குளக்கரையிலிருந்து மலை வரை நிழலோடு நடக்க ஒரு வழி வகுத்தால் ஊரே அருங்காட்சியகமாகும். தனிக் கட்டடம்கூட வேண்டாம்.

"சேலத்து வெயிலில் திறந்தவெளியில் யார் உட்காருவார்?" என்பார்கள். நடுப்பகலில் யாரும் உட்காரமாட்டார்கள், உண்மை. ஆனால் வெயில் நாட்டில் ஓர் இடத்துக்கு இருபத்து நான்கு மணி நேரமும் பயன் இருக்க வேண்டியதில்லை, காலையிலும் மாலையிலும் இரவிலும் இருந்தால் போதும் என்பது கொரியாவின் கணக்கு. சித்திரையில் மொட்டை மாடியில் பாய் விரிக்கும் நம்மிடம் இதை நிரூபிக்கத் தேவையில்லை. "சென்ட் இத்தனை லட்சம் விற்கும்போது காலி இடமா?" என்பது அடுத்த கேள்வி. விலை ஏன் ஏறியது? பக்கத்தில் சாலையும் சந்தையும் பேருந்தும் பொதுப் பணத்தில் வந்ததால். ஊர் ஏற்றிய விலையில் ஊருக்கு ஒரு பங்கு கேட்பது நியாயம்தான். "கொரியா பணக்காரருக்கும் கட்டினாரே, பம்பாயின் காஞ்சன்ஜங்கா அடுக்குமாடி யாருக்கு?" என்றும் கேட்பார்கள். 32 செல்வக் குடும்பங்களுக்கு. அப்படிப்பட்ட கட்டணங்களில் அலுவலகம் நடந்தது. கேட்பாரற்ற நடைபாதைக்கு அவர் நேரம் கொடுக்க முடிந்தது. வசதியான வாடிக்கையாளர் இருக்கும் கட்டடக் கலைஞர்கள் நம் ஊரிலும் பலர் உண்டு. அந்த இரண்டாவது வேலையைத்தான் அவர்களிடம் கேட்கிறேன்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இறுதியாண்டு வரைபடங்களைக் கல்லூரிச் சுவரோடு நிறுத்தாதீர்கள். சேலத்து அம்மாபேட்டைப் பாவடிக்கும் கமலாலயக் கரைக்கும் வரைந்தால் அதை அங்கேயே கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள். தமிழில் எழுதி ஒட்டுங்கள். கொரியா ஆங்கிலத்தில் எழுதியதால் விட்டுப்போன வாசகரை நீங்கள் பிடிக்கலாம். பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று. ஊருக்கு மாஸ்டர் பிளான் வரையும்போது வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபத்தையும் யோசனையையும் கேட்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அது சம்மதம் என்றே எழுதப்படும். அடுத்த வரைவு வரும்போது உங்கள் தெருவின் பொது வெளி அதில் எந்த நிறத்தில் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்பாகவோ வணிகமாகவோ மாறியிருந்தால் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு எழுத்திலே ஆட்சேபம் கொடுங்கள்.